பெரியம்மாவுக்கு எழுதிய வீட்டுப்பாடம்

வாட்சன்வில், கலிபோர்னியா
ஜனவரி 27, 2014

மதிப்புக்குரிய ஹசிந்தா பெரியம்மாவுக்கு,

உங்கள் தங்கை எல்வீராவின் மகன் எலிசெயோ எழுதுகிறேன். உங்களுக்கும் தொரிபியோ பெரியப்பாவுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை. நீங்கள் என்னைக் கடைசியாகப் பார்த்தபோது எனக்குப் பத்து வயது. இப்போது நாற்பத்தாறு. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். அடையாளத்துக்காகச் சொல்கிறேன், அந்தக் காதுகள் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன.

இத்தனை வருஷம் எழுதாதவன் இப்போது ஏன் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். நான் கொலேஹியோவில் சேர்ந்திருக்கிறேன். அங்கே சிக்கானோ வரலாறு என்று ஒரு பாடம். பாரஹாஸ் டீச்சர் எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறார். குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்ததோ அந்த ஊர்ச் சொந்தக்காரருக்குக் கையால் கடிதம் எழுத வேண்டும், பதில் வாங்க வேண்டும், குடும்பத்தில் யாருக்கும் விடை தெரியாத ஒரு கேள்விக்கு விடை கண்டுபிடிக்க வேண்டும். தொலைபேசி கூடாது.

என் கேள்வி இதுதான்: எனக்குப் பத்து வயதில் நாங்கள் அங்கே வந்த அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பிறகு அம்மா ஏன் ஹெரெஸுக்கு வரவே இல்லை? அம்மாவிடம் கேட்டால் "பானை" என்கிறார். எந்தப் பானை என்று கேட்டால் அடுப்பைத் துடைக்கப் போய்விடுகிறார்.

இந்த ஒரு பாடம் தேறிவிட்டால் எனக்குப் பட்டம் கிடைக்கும். பட்டம் இருந்தால் பஸ்ஸை விட்டு இறங்கி வகுப்பறையில் உதவி ஆசிரியராகலாம். ஏற்கெனவே இரண்டு தடவை பாதியில் விட்டவன் நான். தயவுசெய்து கைவிட்டுவிடாதீர்கள். அம்மாவுக்கு இது தெரியாது. இங்கிருந்து ஹெரெஸுக்குச் சாமான் ஏற்றிப் போய்வருகிற நிக்கானோரின் வேனில் கொடுத்தனுப்புகிறேன்.

அவசரமாகக் குரோசெரியாஸ் வாங்கப் போகிறேன், அதனால் இத்துடன் முடிக்கிறேன்.

பணிவுடன்,
எலிசெயோ

*

ஹெரெஸ், சகாதேகாஸ், மெக்சிகோ
பிப்ரவரி 6

என் தங்கை பெற்ற பிள்ளைக்கு,

குவாதலூப்பே மாதா உன்னைக் காப்பாற்றட்டும். எங்களுக்கு ஒன்றும் இல்லை, உன் பெரியப்பாவுக்குத்தான் வாயு. உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை அழுதேன், இரண்டாம் தடவை சிரித்தேன், மூன்றாம் தடவை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தேன்.

மகனே, கொலேஹியோ என்றால் இங்கே சின்னப் பிள்ளைகள் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போகிற பள்ளிக்கூடம். நாற்பத்தாறு வயதில் உன்னை அங்கே உட்கார வைத்திருக்கிறார்களா? பெஞ்சில் கால் மடக்க முடிகிறதா? பட்டம் தருவார்கள் என்கிறாய். தருவார்கள், தருவார்கள். இங்கேயும் அஞ்சு வயசுப் பிள்ளைகளுக்குத் தொப்பி மாட்டிவிட்டுப் பட்டம் கொடுத்துப் படம் எடுக்கிறார்கள். இருந்தாலும் படிப்பு படிப்புதான். கலர் பென்சில் ஒரு டப்பாவும், ரப்பரும், ஒரு கட்டிப் பாலாடைக்கட்டியும் நிக்கானோரிடம் கொடுத்திருக்கிறேன். பென்சிலை யாருக்கும் இரவல் கொடுக்காதே.

அப்புறம், குரோசெரியாஸ் வாங்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். குரோசெரியாஸ் என்றால் கெட்ட வார்த்தை. அந்த ஊரில் அதையும் காசு கொடுத்தா வாங்குகிறீர்கள்? இங்கே உன் பெரியப்பாவிடம் வேண்டிய மட்டும் இலவசமாகக் கிடைக்கும்.

உன் கேள்விக்கு வருகிறேன். பானையும் இல்லை, சட்டியும் இல்லை. தையல் மெஷின். எங்கள் அம்மா யாருக்கு என்று சொல்லாமலே கண்ணை மூடிவிட்டாள். அதில் வந்த மனஸ்தாபம். அவ்வளவுதான், எழுதிக்கொள்.

சிக்கானோ என்றால் என்ன? நிக்கானோரின் உறவுக்காரர்களா என்று தொரிபியோ கேட்கிறார்.

அன்புடன்,
பெரியம்மா ஹசிந்தா

*

வாட்சன்வில்
பிப்ரவரி 17

அன்பான பெரியம்மாவுக்கு,

நீங்கள் இருவரும் சுகமா? பெரியப்பாவின் வாயு அடங்கிவிட்டதா? இங்கே நாங்கள் சுகம்.

உங்கள் கடிதத்தை வகுப்பில் படித்துக் காட்டினேன். பாரஹாஸ் டீச்சர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்தார். நான் படிப்பது பெரியவர்கள் படிக்கிற கல்லூரி, பெரியம்மா. பெஞ்சில் கால் நன்றாகவே மடங்குகிறது. இங்கே வளர்ந்த எங்கள் வாயில் பாதி வார்த்தை ஸ்பானிஷ் வேஷம் போட்ட இங்கிலீஷ். பலசரக்கு வாங்கப் போகிறேன் என்றுதான் எழுத நினைத்தேன்.

சிக்கானோ என்றால் நாங்கள்தான். மெக்சிகோக்காரர்களின் பிள்ளைகள், ஆனால் பிறந்து வளர்ந்தது இங்கே. அங்கே போனால் அமெரிக்கன் என்கிறார்கள், இங்கே இருந்தால் மெக்சிகன் என்கிறார்கள். எங்களுக்கும் ஒரு பெயர் வேண்டாமா என்று கேட்டு வைத்துக்கொண்ட பெயர். வயல்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள், உரிமை கேட்டுப் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே நடந்த பிள்ளைகள், எல்லாம் அதற்குள் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க லிப்ரெரியாவில் உட்கார்ந்து இதைத்தான் படித்தேன்.

உங்கள் கடிதத்தின் ஓரத்தில் டீச்சர் சிவப்பு மையில் எழுதியதை அப்படியே தருகிறேன்: "ஒரு சாட்சி பானை என்கிறார், ஒரு சாட்சி தையல் மெஷின் என்கிறார். இரண்டு பேரும் எதையோ மறைக்கிறார்கள். விடாதீர்கள்." கலர் பென்சில் வரைபடம் போட உதவுகிறது. யாருக்கும் கொடுக்கவில்லை.

பணிவுடன்,
எலிசெயோ

*

ஹெரெஸ்
மார்ச் 1

மகனே எலிசெயோ,

சுகம் கேட்டதற்கு நன்றி. வாயு அடங்கவில்லை, பேச்சும் அடங்கவில்லை.

முதலில் டீச்சரோடு எனக்கு ஒரு வார்த்தை இருக்கிறது. பாரஹாஸ் அம்மா, நான் மறைக்கிறேன் என்று எழுதினீர்களாமே? சிவப்பு மையை நான் எழுபத்தொரு வருஷமாகப் பார்த்திருக்கிறேன், பயப்படுகிற ஆள் இல்லை. உங்களுக்கும் தங்கை இருந்தால் தெரியும். என் எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், என் குடும்பத்தைத் திருத்த வேண்டாம்.

இனி உனக்கு. லிப்ரெரியா என்றால் புத்தகக் கடை. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து படித்துவிட்டு ஒன்றும் வாங்காமல் எழுந்து வந்தாயா? கடைக்காரன் துடைப்பத்தை எடுக்கவில்லையா? நூலகத்துக்கு வேறு வார்த்தை இருக்கிறது, உன் அம்மாவிடம் கேள்.

சிக்கானோ விஷயத்தை உன் பெரியப்பாவுக்கு விளக்கினேன். "அங்கேயும் இல்ல, இங்கேயும் இல்லன்னா, அவன் நடு ஆத்துலயா நிக்கிறான்? சளி புடிக்கப் போவுது, மேல ஏறச் சொல்லு" என்கிறார். அவரை விடு. நீ எழுதியதை நான் இரண்டு நாள் யோசித்தேன். தனக்கு ஒரு பெயர் வேண்டும் என்று கேட்பது தப்பில்லை.

மற்றபடி தையல் மெஷின்தான். நான் சொன்னால் சொன்னதுதான்.

உன் அம்மாவுக்கு வலி எந்த முழங்காலில்? இடதா, வலதா? சும்மாதான் கேட்கிறேன், நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
ஹசிந்தா

*

வாட்சன்வில்
மார்ச் 16

அன்பான பெரியம்மாவுக்கு,

வணக்கம். இடது முழங்கால்.

நாம் மாட்டிக்கொண்டோம். பாலாடைக்கட்டியைக் கராஜில் ஒளித்து வைத்திருந்தேன். அம்மா உள்ளே வந்தார், மூக்கை உறிஞ்சினார், நேராகப் போய் எடுத்துவிட்டார். "இது ஹெரெஸ் கட்டி. என் மூக்கு பொய் சொல்லாது. யாருடா குடுத்தது?" சொன்னேன். "அவகிட்ட என்னடா கேட்ட?" அதையும் சொன்னேன். "அவ என்ன சொன்னா?" தையல் மெஷின் என்றேன். அம்மா கட்டியை இன்னொரு தடவை முகர்ந்து பார்த்தார். அப்புறம், "ஆமா, மெஷினுந்தான்" என்று சொல்லிவிட்டுக் கட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ராத்திரி அதில் பாதி காணோம்.

இந்த வாரம் வகுப்பில் ஒரு வார்த்தை நடத்தினார்கள். உங்களுக்கும் எனக்கும் நன்றாகத் தெரிந்த வார்த்தை! போச்சோ. வடக்கே வளர்ந்து பேச்சு கெட்டவன், நிறம் வெளுத்து அழுகப் போகிற பழம் என்று டீச்சர் பலகையில் எழுதினார். இப்போது இளைஞர்கள் அதையே பெருமையாகச் சட்டையில் போட்டுக்கொள்கிறார்களாம். வகுப்பில் ஒரு பையன் விற்றான், உடனே ஒன்று வாங்கிவிட்டேன். போட்டுக்கொண்டு எடுத்த படம் இத்துடன் இருக்கிறது. எழுத்து பெரிதாகத் தெரிகிறதா? இதைப் பார்த்ததும் உங்களுக்கு எது ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும்!

அம்மாவுக்குத்தான் சட்டை பிடிக்கவில்லை. பார்த்ததும் முகம் கறுத்துவிட்டது. "கழட்டு. இப்பவே கழட்டு" என்றார். மறுநாள் அது தரை துடைக்கிற துணியாகக் கிடந்தது. இன்னொன்று வாங்கி பஸ்ஸில் வைத்திருக்கிறேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

எலிசெயோ

*

வாட்சன்வில்
ஏப்ரல் 7

அன்பான பெரியம்மாவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? நிக்கானோர் மூன்று வாரமாகக் கையை விரித்துக்கொண்டு வருகிறான். "கதவு தொறக்குது, காபி வருது, லெட்டர் மட்டும் வரல" என்கிறான். நீங்கள் அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்களாம்: "அந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு அவன் வெளிய தெருவுல போறானா?" ஆமாம் என்றானாம். நீங்கள் உள்ளே போய்விட்டீர்களாம்.

நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? என் ஸ்பானிஷ்தான் உங்களுக்குத் தெரியுமே. ஏதோ வார்த்தை உங்களை ஏசுகிற மாதிரி விழுந்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

மே ஒன்பதாம் தேதி வகுப்பில் எல்லோர் முன்னாலும் என் கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். இதுவரை என்னிடம் இருப்பது ஒரு பானை, ஒரு மெஷின். இதை வைத்துக்கொண்டு பேசினால் டீச்சர் தேற விடமாட்டார். வீட்டிலும் அம்மா பேசுவதில்லை. இரண்டு பக்கமும் கதவு மூடிக் கிடக்கிறது, பெரியம்மா. பட்டம் இல்லாவிட்டாலும் போகட்டும், நீங்கள் இரண்டு வரி எழுதுங்கள்.

எலிசெயோ

*

ஹெரெஸ்
ஏப்ரல் 19

எலிசெயோவுக்கு, பெரியப்பா தொரிபியோ.

நான் லெட்டர் எழுதுற ஆள் இல்ல. கடைசியா எழுதினது உன் பெரியம்மாவுக்கு, கல்யாணத்துக்கு முன்னாடி. அதுக்கே இன்னும் அனுபவிச்சுக்கிட்டிருக்கேன். அவ இப்ப பூசைக்குப் போயிருக்கா. அதுக்குள்ள எழுதி முடிக்கணும்.

உங்க பாட்டி விட்டுட்டுப் போன பானையும் மெஷினும் ரெண்டும் எங்க பரண்லதான் கெடக்கு. ஒருத்தியும் தொட்டதில்ல. எலி குடும்பம் நடத்துது.

நடந்தது என்னன்னா, அந்தக் கிறிஸ்துமஸ் ராத்திரி எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம், இருபது பேர் இருக்கும். நீ கையெல்லாம் அழுக்கா வந்து நின்னே. கை கழுவணும், "சோப்பா குடுங்க"ன்னு கேட்டே. உங்க இங்கிலீஷ்ல சோப்புக்கு அப்படி ஒரு சத்தம் வருமாம். இங்க சோப்பான்னா சூப்பு. உன் பெரியம்மா ஒரு பெரிய கிண்ணத்துல சூடா சூப்பைக் கொண்டாந்து வச்சா. நீ கிண்ணத்தைப் பார்த்தே, கையைப் பார்த்தே, எங்க எல்லாரையும் பார்த்தே. அப்புறம் மெதுவா ரெண்டு விரலை உள்ள விட்டே பாரு! எனக்கு வாயில இருந்த பீன்ஸ் மூக்கு வழியா வந்துடுச்சு. உன் பெரியம்மா வயித்தைப் புடிச்சுக்கிட்டு, "ஐயோ, இவன் சுத்தப் போச்சோ! பேச்சும் போச்சு, எல்லாம் போச்சு"ன்னா. அந்த ராத்திரி பூரா எல்லாரும் உன்னைப் போச்சோ, போச்சோன்னுதான் கூப்பிட்டோம்.

உன் அம்மா கரண்டியைக் கீழ வச்சா. அதுக்கப்புறம் எடுக்கல. விடிஞ்சா காரும் இல்ல, நீங்களும் இல்ல.

இப்ப நீ அந்த வார்த்தையை நெஞ்சுல எழுதிக்கிட்டு, "எது ஞாபகம் வரும்னு தெரியும்"னு போட்டோ அனுப்பியிருக்கே. பழி வாங்குறேன்னு அவ நெனைக்கிறா. மாதா படத்துக்கு முன்னாடி உட்கார்ந்து அழறா. சமையல்ல உப்பு இல்ல. எனக்கு உப்பு ஆகாதுன்னு டாக்டர் சொன்னதால நான் ஒண்ணும் சொல்லல.

நான் எழுதினதா சொல்லாதே. அந்த ஊர்ல முதுகுக்குத் தேய்க்கிற தைலம் நல்லா இருக்குமாமே, ஒண்ணு அனுப்பு.

தொரிபியோ

*

வாட்சன்வில்
ஏப்ரல் 25

என் பெரியம்மாவுக்கு,

மாதா உங்களை நன்றாக வைத்திருக்கட்டும். ஒரு பறவை வந்து என்னிடம் எல்லாம் சொல்லிவிட்டது. அந்தப் பறவைக்கு முதுகுத் தைலம் நிக்கானோரிடம் கொடுத்திருக்கிறேன்.

பெரியம்மா, எனக்கு அந்தச் சூப் நன்றாக ஞாபகம் இருக்கிறது. கொத்தமல்லி போட்டிருந்தீர்கள். நான் விரலை விட்டதும் நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அப்புறம் என் காதைப் பிடித்து ஆட்டி, போச்சோ என்று சொல்லி, உங்கள் தட்டில் இருந்த சோளமாவுத் தமாலேயை எடுத்து என் தட்டில் வைத்தீர்கள். உங்கள் கை என் தலையில் இருந்தது. நான் அதைச் செல்லப்பெயர் என்று நினைத்தேன்.

சத்தியமாகச் சொல்கிறேன். கண்ணு, ராசா என்பது மாதிரி ஏதோ ஹெரெஸ் வார்த்தை என்று நினைத்தேன். எனக்கு அதுவரை யாரும் செல்லப்பெயர் வைத்ததில்லை. அம்மாவுக்கு என் முழுப் பெயரைக் கூப்பிடவே நேரம் இருக்காது. இங்கே திரும்பி வந்ததும் நோட்டுப் புத்தகத்தில் எல்லாம் அந்தப் பெயரைத்தான் எழுதினேன். பதின்மூன்று வயதில், புதிதாக மெக்சிகோவிலிருந்து வந்த ஒரு பையன் சண்டையில், "போடா போச்சோ" என்றான். "உனக்கு எப்படித் தெரியும்? எங்க பெரியம்மா அப்படித்தான் கூப்பிடுவாங்க" என்றேன். அவன் ஓங்கிய கையை இறக்கிவிட்டான். பாவம், பயந்துவிட்டான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் அர்த்தம் தெரிந்தது. ஒரு நாள் வருத்தமாக இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குள் அந்தப் பெயர் என்னுடையதாகிவிட்டது. நீங்கள் கொடுத்தது. திருப்பித் தருவதாக இல்லை. சட்டையைப் பார்த்தால் உங்களுக்கு அந்த ராத்திரியின் சிரிப்பு ஞாபகம் வரும், நீங்களும் சிரிப்பீர்கள் என்றுதான் படத்தை அனுப்பினேன்.

அம்மா எதற்காகப் புறப்பட்டார் என்று எனக்குத் தெரியவே தெரியாது. மூட்டை கட்டியபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். கண் விழித்தபோது ஹெரெஸ் எங்கேயோ பின்னால் போய்விட்டது.

ஒன்பதாம் தேதி இதைத்தான் பேசப் போகிறேன். அம்மாவையும் கூப்பிட்டிருக்கிறேன். எதைப் பற்றி என்று சொல்லவில்லை. நீங்கள் வேண்டாம் என்றால் பேசவில்லை.

உங்கள் போச்சோ,
எலிசெயோ

*

ஹெரெஸ்
மே 3

என் கண்ணே,

நான் நன்றாக இருக்கிறேன். பறவையும் நன்றாக இருக்கிறது, முதுகு முழுக்கப் புதினா வாசனை வருகிறது, பக்கத்தில் போக முடியவில்லை. இரண்டு நாளாகச் சமையலில் உப்புப் போடுகிறேன்.

பாரஹாஸ் டீச்சருக்கு: இரண்டாம் சாட்சி தன் வாக்குமூலத்தைத் திருத்திக்கொள்கிறாள். மெஷின் இல்லை. உங்கள் சிவப்பு மை ஜெயித்தது, சந்தோஷமா?

நீ பேசு, மகனே. சூப்பை விட்டுவிடாதே. உன் பெரியப்பாவின் மூக்கையும் சொல்.

அன்று நீ வயிறு நிறையச் சாப்பிட்டாய். உன் அம்மா ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சிரித்துக்கொண்டிருந்தேன். அது ஏன் என்று மட்டும் என்னைக் கேட்காதே.

அவள் இடது முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

ஹசிந்தா

*

வாட்சன்வில்
மே 20

ஹசிந்தாவுக்கு,

சுகமாக இருக்கிறாய் என்று இந்தத் தடவை நீ கொடுத்தனுப்பிய பாலாடைக்கட்டியிலிருந்தே தெரிந்தது. உப்புக் கொஞ்சம் கூட. நானும் சுகம்.

பிள்ளை பேசியதைக் கேட்கப் போயிருந்தேன். முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள், எழுந்து ஓட முடியாதபடி. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றான். சூப் என்றான், விரல் என்றான், தொரிபியோவின் மூக்கு என்றான். மொத்த வகுப்பும் சிரித்தது. எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் சிரித்துச் சிரித்து என் தொடையிலேயே அடித்தாள். நல்ல வேளை, வலது தொடை. அப்புறம் அவன் செல்லப்பெயர் என்று சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

முப்பத்தாறு வருஷம் நான் அவனுக்காகக் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன், அவன் அதைப் பேராகச் சூட்டிக்கொண்டு திரிந்திருக்கிறான். முட்டாள் பயல். வீட்டுக்கு வந்து ஒரு மூச்சு திட்டினேன். அப்புறம் எனக்கே புரிந்தது, கோபம் அவனுக்காக இல்லை.

அக்கா, அன்றைக்கு நீங்கள் எல்லோரும் அவனைப் பார்த்துச் சிரித்தீர்கள். எனக்கு என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது. காலையில் ஸ்ட்ராபெர்ரி வயல், சாயங்காலம் காய்கறியைப் பெட்டியில் அடைக்கிற ஆலை. நான் வரும்போது அவன் தூங்கியிருப்பான். அவனுக்குப் பேச்சு சொல்லிக்கொடுக்க நான் வீட்டில் இருந்ததில்லை. இருந்த கொஞ்ச நேரத்திலும், நம் பேச்சைப் பேசாதே என்று நானே சொன்னேன். ஏன் தெரியுமா? ஆறு வயதில் ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வாய் வெந்த மாதிரி வந்தான். வகுப்பில் ஸ்பானிஷ் பேசினானாம். டீச்சர் அவன் நாக்கைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டாளாம்.

சோப்பு என்கிற அந்த வார்த்தையை அவன் எந்த மொழியில் கற்றுக்கொண்டிருப்பான், நீயே சொல்.

இதை நான் உனக்குச் சொன்னதில்லை. வடக்கே போய் நன்றாக இருக்கிறேன் என்று காரில் வந்து இறங்கியவள் எப்படிச் சொல்வேன்? சொல்லியிருந்தால் நீ சிரித்திருக்க மாட்டாய், கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அந்த டீச்சர் தலையில் கவிழ்த்திருப்பாய். அது எனக்கு அன்றே தெரியும். சொல்லாதது என் தப்பு, அதை ஒப்புக்கொள்ள முடியாமல்தான் பானை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவன் தேறிவிட்டான். இரண்டாம் தர மதிப்பெண்தான் கொடுத்திருக்கிறாள் அந்த பாரஹாஸ், முக்கிய சாட்சி தாமதமாக வாய் திறந்ததாம். என்னையா சொல்கிறாள், உன்னையா சொல்கிறாள் என்று கேட்டால் சிரிக்கிறாள்.

பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும் புறப்படுகிறோம். அவன்தான் ஓட்டுகிறான். இதைப் படித்து நீ அழுவாய் என்று எனக்குத் தெரியும், அக்கா. இப்போதே அழுது முடித்துவிடு. நாங்கள் வந்து இறங்கிய பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதால் பிள்ளைக்கு யார் சோறு போடுவது?

உன் தங்கை,
எல்வீரா